வேட்டி கட்டிய கூரை

வடலிப்பேட்டை மேலரத வீதியில் ஆவுடையம்மாளின் வீட்டுக்காரர் நயினார் மதியச் சாப்பாடு முடிந்து பட்டாசல் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றதும் ஊர் கூடி அழுதது, ஆனால் அவர் போன நட்சத்திரம் சதயம் என்று சபாபதிக் குருக்கள் விரல் மடக்கிப் பார்த்துச் சொன்னதும், அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த ஊரில் சதயத்தில் பிரிகிற உயிர் வாசல் வழியாகப் போகாது, தலைமாட்டுக்கு நேர்மேலே கூரையில் ஒரு துவாரம் போட்டுக் கொடுத்தால்தான் போகும், போட்டுக் கொடுக்காவிட்டால் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்து, தனியாக இருக்கப் பயந்து, துணைக்கு ஆள் கேட்கும். இதெல்லாம் அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்துத் தெரியவேண்டிய விஷயம் இல்லை.

ஆனால் நயினார் வீட்டுக் கூரை மற்றவர்கள் வீட்டுக் கூரை மாதிரி இல்லை. முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்த மனுஷன் அவர், அடுத்தவர் வீட்டுச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, ஓய்வுபெற்ற மறுநாளே, ஃபேனுக்கே வேலையில்லாமல் செய்து தன் வீட்டுச் சக்கரத்தை ஒருநாளாவது நிறுத்திக் காட்டுவது என்று கிளம்பிவிட்டார். தொண்ணூறு வருஷத்துப் பழைய வீடு, சித்திரையில் மொட்டைமாடி மட்டப்பா காய்ந்தால் உள்ளே பப்படம் பொரிக்கலாம். அவர் சந்தையில் நானூறு மண்கலயம் வாங்கி, மட்டப்பா முழுக்க வாய் கீழே இருக்கும்படி வரிசையாகக் கவிழ்த்து, இடுக்கில் சுண்ணாம்புக் காரை பூசி, மேலே ஓடு பாவி, வெள்ளையடித்தார். உள்ளே கூரைக்குக் கீழே ஒரு முழம் விட்டு, அலுமினியச் சட்டம் அடித்து, தெர்மாகோல் அட்டையைத் தன் கையாலேயே வெட்டி வெட்டி ஒட்டினார். கதவு ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் வைத்தார், சுவர் வெடிப்பில் தேங்காய் நாரைத் திணித்தார், எட்டு வெண்டிலேட்டர்களில் ஏழைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்தார். ஏழு மாதம் அந்த வீட்டில் கொத்துக்கரண்டிச் சத்தம் ஓயவில்லை.

எட்டாவது வெண்டிலேட்டர் பட்டாசலில் அவர்கள் படுக்கிற இடத்துக்கு மேலே இருந்தது. அதற்குத்தான் சண்டை.

"அது ஒண்ணாவது இருக்கட்டும்ங்க. மூச்சு விட மனுஷருக்கு ஒரு வழி வேண்டாமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஏட்டி, நான் பாடுபட்டு உள்ள பிடிச்சு வைக்கிய குளிர்ச்சி அந்த ஓட்டை வழியா ஊருக்குப் போகவா?"

"ஊருக்குப் போனா போயிட்டுப் போகுது."

"உனக்கு ஒரு எழவும் வெளங்காது" என்று சொல்லி அதையும் பூசினார். பூசி மூன்றாம் நாள் செத்துப்போனார். நெஞ்சுவலி என்றுதான் டாக்டர் சொன்னார், வெண்டிலேட்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆவுடையம்மாளின் மனசு டாக்டரைக் கேட்டுக்கொண்டா யோசிக்கும்?

பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க நயினாரின் தம்பி மகன் மொட்டைத் தலையோடு நின்றான். பாடையைத் தெருவில் இறக்கி வைத்து, சங்கு ஊதுகிறவன் சங்கை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க, செல்லையா கொத்தனார் மட்டப்பாவில் ஏறி, ஓடுகளைப் பெயர்த்து, கலயங்களை எடுத்து, கடப்பாரையால் குத்தி ஒரு துவாரம் போட்டார். அந்த ஊர் முறைப்படி கடைசி இடியைக் கீழேயிருந்து வீட்டு மனுஷிதான் இடிக்கவேண்டும். அதற்காக உலக்கையோடு ஸ்டூலின்மேல் அவளைத் தனியாக ஏற்றிவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"எக்கா, இனி அந்த வெள்ளை அட்டைதான் இருக்கு, ஒரே குத்து, விட்டுரும்" என்று மேலேயிருந்து கொத்தனார் கத்தினார். ஆவுடையம்மாள் உலக்கையைத் தூக்கினாள். தூக்கியவள் அந்த அட்டையைப் பார்த்தாள். ஓரம் ஒட்டும்போது அவர் பதித்த கட்டைவிரல் ரேகை பசையில் காய்ந்து அப்படியே இருந்தது. இதைப் போய் எப்படி இடிப்பது என்று இருந்தது அவளுக்கு. உயிர் பிரிந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் கைவேலையில் ஓட்டை போடு என்றால் யாருக்குத்தான் கை வரும்?

"அம்மா, தொறந்தாச்சா?" என்று வாசலில் நின்றபடி குருக்கள் குரல் கொடுத்தார்.

"தொறந்தாச்சு" என்றாள்.

சங்கு முழங்கியது. மேலே கொத்தனார் குனிந்துகூடப் பார்க்காமல் துவாரத்தின் மேல் ஓர் ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் பாடைக்குத் தோள் கொடுக்க ஓடினார். ஆண்கள் சுடுகாட்டுக்கும் பெண்கள் தலைமுழுகக் கிணற்றடிக்கும் போயிருந்த நேரத்தில், ஆவுடையம்மாள் நயினாரின் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, நாலு மூலையையும் கூரைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, துவாரம் இல்லாத இடத்தை மறைத்தாள். தூசி விழாமல் இருக்கக் கட்டியிருக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பொய் சொன்ன வாய்க்கு அன்று சாயங்காலம் காப்பித் தண்ணீர் இறங்கத்தான் செய்தது.

பதினாறு கழிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு வீடு குளிர ஆரம்பித்தது. முதலில் அவள் அதைக் குளிர் என்று நினைக்கவில்லை, துக்கம் என்று நினைத்தாள். பிறகு தேங்காய் எண்ணெய் சீசாவில் உறைந்து கிடந்தது. சித்திரை வெயிலில் தெருநாய் நிழல் தேடி அலையும்போது பட்டாசலில் அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரி வெயில் தொடங்கிய அன்று ரீடிங் எடுக்க வந்த பேச்சிமுத்து, நயினாரிடம் தொழில் பழகினவன், மீட்டர் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"மதினி, பிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுது."

"லைட் எரியுது, நானே பாக்கேன். சக்கரம் நிக்கி."

தட்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், சக்கரம் அசையவில்லை. "அண்ணாச்சி ஜெயிச்சுட்டாக" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர்ச்சியில் இதமாக அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அவன் போய்த் தெருவில் சொல்ல, அன்று மதியமே முதல் ஆள் வந்துவிட்டது.

முதலில் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். விசாரித்து முடிந்தும் போகவில்லை. நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், உயிரோடு இருந்தபோது அவரைக் கஞ்சன் என்று சொன்ன அதே வாய்கள்தான். பிறகு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. பூக்கட்டுகிற பெண்கள் பிச்சி வாடாமல் இருக்கக் கூடையோடு வந்தார்கள், தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், டியூஷன் வாத்தியார் பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், மாசமாக இருந்தவர்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குள் போய்வந்தால் தலைமுழுக வேண்டுமே, ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் அதற்கு எங்கே போவது என்று ஒரு கேள்வி எழுந்தது. குருக்கள் நன்றாக யோசித்து, தீட்டு தரையோடு சரி, பாயில் உட்கார்ந்தால் ஒட்டாது என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் அவரும் ஒரு பாயோடு வந்து சேர்ந்தார்.

குளிருக்குக் காரணம் என்ன என்பதில் ஊர் இரண்டுபட்டது. கலயம்தான் என்றவர்கள் சந்தையில் இருந்த கலயத்தையெல்லாம் வாங்கிக் கவிழ்த்ததில், மேலரத வீதி மட்டப்பாக்கள் எல்லாம் மொட்டையடித்த தலைகளாக வரிசையில் நின்றன. அவர்கள் வீடு கொஞ்சம் தணிந்தது உண்மைதான், ஆனால் போர்வை கேட்கிற குளிர் வரவில்லை. துவாரம்தான், துவாரம் வழியாகத்தான் குளிர்ச்சி இறங்குகிறது என்றவர்கள் தங்கள் வீட்டிலும் போட்டுவிடலாமா என்று குருக்களைக் கேட்டார்கள். சாவு விழாத வீட்டில் போட்டால் அது துவாரம் இல்லை, ஒழுகல் என்று அவர் சொல்லிவிட்டார். அங்கே துவாரமே இல்லை என்பது ஆவுடையம்மாளுக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. வேட்டி தொங்க ஆரம்பித்திருந்தது. இறுக்கிக் கட்டிய துணி, நாளுக்கு நாள் நடுவில் தாழ்ந்து, ஒருக்களித்து ஓர் ஆள் படுத்திருந்தால் தொட்டில்துணி எப்படிப் பள்ளம் வாங்குமோ அப்படிப் பள்ளம் வாங்கி, கத்திரி பத்தாம் நாளில் உயரமான ஆண்கள் அந்த இடத்தில் குனிந்து போகவேண்டியதாயிற்று. எல்லோரும் குனிந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து போய் உட்கார்ந்து, மெதுவாகப் பேச்சைக் குறைத்து, நாற்பது பேர் நிறைந்த பட்டாசலில் மல்லாந்து படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே கிடந்தார்கள். டீக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த கொதிக்கிற டீயை மடமடவென்று குடித்துவிட்டு, சூடே இல்லையே என்றார்கள். வெயிலில் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அவர்களுக்கு வேர்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இருந்தார்கள்.

அடுத்த வீட்டு முப்பிடாதி தன் இருபது நாள் பெண் குழந்தையைக் கொண்டுவந்தது அந்தச் சமயத்தில்தான். உடம்பெல்லாம் வேர்க்குரு, இரவும் பகலும் வீல் வீலென்று அழுகை, கூடவே தாயும் அழுகை. எங்கே குளிர் அதிகமோ அங்கே போடுங்கள் என்று பெண்கள் சொல்ல, குழந்தையை வேட்டிக்கு நேர்கீழே கிடத்தினார்கள். கிடத்திய மாத்திரத்தில் அழுகை நின்றது. மூன்று நாளில் வேர்க்குரு இருந்த இடம் தெரியவில்லை. முப்பிடாதி ஆவுடையம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"பெரியப்பா தெய்வமாகி வந்து காப்பாத்திட்டாக, பெரியம்மா."

ஐந்தாம் நாள் குழந்தை பாலுக்கும் அழவில்லை. ஆவுடையம்மாள் குனிந்து அதன் பாதத்தைத் தொட்டாள். கிணற்று உறையைத் தொட்டது மாதிரி இருந்தது. கண் மட்டும் திறந்து, வேட்டியின் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, மேலே யாரோ விளையாட்டுக் காட்டுவது போல.

"ஏட்டி, பிள்ளையைத் தூக்கிட்டுப் போ. வெயில்ல காட்டு."

"போனா வேர்க்குரு வந்துருமே பெரியம்மா."

"வரட்டும். தூக்குட்டி."

முப்பிடாதி முனகிக்கொண்டே தூக்கிப் போனாள். உச்சி வெயிலில், சூடேறிய கல்படியில் துணியை விரித்துக் கிடத்தினாள். நாழிகை போயிற்று, தாயின் கால் கொப்புளித்தது, பிள்ளையின் பாதத்தில் சூடு ஏறவில்லை. அவள் பயந்துபோய் மறுபடி பட்டாசலுக்கே கொண்டுவந்து, அதே இடத்தில் கிடத்தினாள், ஏனென்றால் அங்கேதான் அது லேசாகச் சிரித்தது.

அப்போதுதான் ஆவுடையம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மேலே, வேட்டிக்குள்ளே, மிக மெல்லிசாக, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மார்கழி விடிகாலையில் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது நயினார் போடுகிற சத்தம். சித்திரையிலும் கழுத்துவரை போர்த்துக்கொண்டு படுக்கிற உடம்பு அது, கரண்ட் மிச்சத்துக்காகக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்தாரே தவிர, குளிருக்கு அவ்வளவு பயந்த மனுஷன். ஊரே உட்கார்ந்து அனுபவிக்கிற இந்தக் குளிர்ச்சி அவர் கொடுக்கிறது இல்லை, அவர் நடுங்குகிறது. நாற்பது நாளாக, போக வழியில்லாமல், கவிழ்த்த கலயத்துக்கும் தான் ஒட்டின அட்டைக்கும் கீழே கிடந்து நடுங்கி, கீழே வந்து படுக்கிற ஒவ்வோர் உடம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை எடுத்துப் போர்த்துப் பார்த்து, அதுவும் போதாமல், இப்போது இந்தப் பச்சைப்பிள்ளையைத் துணைக்குக் கேட்கிறார். அவர் தெரிந்து கேட்கவில்லை. குளிரில் கிடக்கிறவன் கைக்கு எட்டின துணியை இழுப்பான், அது யாருடையது என்று பார்ப்பானா?

'பாவி, நான்தான் உங்களை இதுக்குள்ள வச்சுப் பூசினேன்' என்று நினைத்தாள்.

அவள் அடுப்பங்கரைக்குப் போய் உலக்கையை எடுத்துவந்தாள். படுத்திருந்தவர்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு நான் தொறக்கலை. தொறந்தாச்சுன்னு பொய் சொன்னேன். அவுக போகலை. இங்கதான் இருக்காக."

ஒருவரும் பதறி எழுந்திருக்கவில்லை. பூக்கட்டுகிறவள் ஒருத்தி தலையை மட்டும் திருப்பினாள். பேச்சிமுத்து, "அதான் தெரியுதே மதினி" என்றான், படுத்தபடியே. குருக்கள் தன் பாயில் மெல்ல உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"தப்புதான். பரிகாரம் இருக்கு. ஆனா கத்திரி முடிய இன்னும் ஒம்பது நாள் கிடக்கேம்மா. அது முடிஞ்சு தொறந்தா என்ன?"

"ஆமாக்கா, ஒம்பது நாள்தான்" என்றது ஒரு குரல். "ஒம்பது நாள்" என்றது இன்னொன்று. கோபமே இல்லாமல், தூக்கத்தில் பேசுவதுபோல, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவராக, ஒம்பது நாள், ஒம்பது நாள் என்று பட்டாசல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். முப்பிடாதி மட்டும் பிள்ளையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆவுடையம்மாள் ஸ்டூலில் ஏறி முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவதை அவிழ்த்தபோது வேட்டி ஒருபக்கமாகச் சரிந்தது, அதிலிருந்த கனம் நழுவி அவள் தோளில் வந்து சாய்ந்தது. அவளுக்குத் தெரியாத கனமா அது? பிடரி இங்கே, முட்டி இங்கே என்று சொல்லிவிடுவாள். கழுத்தோரம் சில்லென்று ஒரு மூச்சு, "ஸ்ஸ்" என்று. அவள் உலக்கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பு, நாற்பது நாளுக்குப் பிறகு கைக்குள் வந்திருக்கிறது, இரண்டு முடிச்சைத் திரும்பப் போட்டால் போதும், ஒம்பது நாள் என்ன, ஒம்பது வருஷம் கூட இருப்பார், ஊரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. அவள் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அங்கே இருந்த யாருக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை.

கீழே முப்பிடாதி, "பெரியம்மா, பிள்ளை கண்ணை மூடுதே" என்றாள்.

"இங்கேருங்க, போதும்" என்று ஆவுடையம்மாள் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மூச்சு விட ஒரு வழி வேணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. நீங்களும் கேக்கல, பொறவு நானும் செய்யல." தோளில் கனத்தைத் தாங்கியபடி, ஒரு கையை நீட்டி, "அந்த உலக்கையை எடுத்துக் குடுட்டி" என்றாள். முப்பிடாதி எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் ரேகை இருந்த ஓரத்தைப் பார்த்து ஆவுடையம்மாள் ஒரே இடி இடித்தாள்.

அட்டை உடைந்து, மேலே ஓலைத் தட்டி எகிறி விழுந்து, உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கி வேட்டியின்மேல் விழுந்தது. அவள் தோளில் இருந்த நடுக்கம் நின்றது. முதலில் வேட்டியின் மேல்பக்கம் சுட்டது, பிறகு அடிப்பக்கம், பிறகு கனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஒரு கை எடுத்ததுபோல, ஒரு கால் எடுத்ததுபோல, கடைசியாகத் தலையும் எடுத்ததுபோலக் குறைந்தது. அந்த நேரத்தில் பட்டாசலில் கிடந்த நாற்பது பேரும் ஒரே மூச்சில், "ஸ்ஸ்" என்றார்கள். சொன்னோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மட்டப்பாவில் நானூறு கலயங்களும் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒருமுறை உறுமி அடங்கின.

பிறகு காற்று வந்தது. புறவாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது, வேப்பமரத்தடிக் காற்று ஒன்று உள்ளே நுழைந்து, படுத்தவர்கள் முகத்தையெல்லாம் தடவிக்கொண்டு, துவாரத்தின் வழியே மேலே ஏறிப் போயிற்று. வெக்கைக் காற்றுதான், ஆனாலும் காற்று. வாசலில் மீட்டர் சக்கரம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. பேச்சிமுத்துவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது, ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பிடாதியின் மடியில் குழந்தை முகம் சிவந்து, காலை உதைத்து, தெருவே கேட்கும்படி வீலென்று அழுதது.

குருக்கள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துவாரத்தை அண்ணாந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்தபடி, அன்றைக்கு வாசலில் நின்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, தொறந்தாச்சா?"

ஆவுடையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மீதி இரண்டு முடிச்சும் அவிழ்ந்து மடியில் வேட்டி கிடந்தது, வெறும் துணியாக. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. வேர்வையில் நன்றாக நனைந்திருந்தது, அவருடைய வேர்வை, அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா?

"தொறந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, வேட்டியைக் காயப்போடக் கொல்லைப்புறத்துக்குப் போனாள்.